விலாங்கு ஜெலியும் ஜெசிந்தாவின் பதினெட்டும்

1989 ஜனவரி 9, திங்கள்

மழையும் பனியும் கலந்து பக்கவாட்டில் அடி. துறைமுகப் பாலத்தில் சைக்கிளை விட்டு இறங்கித் தள்ளிக்கொண்டுதான் போனேன். காதுக்குள் இன்னும் காற்று.

இன்றிலிருந்து தொழிற்சாலையில் எனக்கு ஹெரிங் மீன் வெட்டும் மண்டபம் இல்லை. பின்பக்கச் சமையல் அறை. காரணம் என் ஆங்கிலம். இங்கிலாந்துக்காரன் ஒருவன் ஈஸ்டருக்கு விலாங்கு கேட்டிருக்கிறான். துண்டு போட்டு அவித்து, ஜெலியில் உறைய வைத்தது. செய்முறைத் தாள் முழுக்க ஆங்கிலம். எங்கள் மேற்பார்வையாளர் இங்கருக்கு ஆங்கிலம் எழுத்துக்கூட்டத்தான் வரும்.

"அன்டன், நீ தபால் கந்தோரில் வேலை செய்தவன். இதை வாசி" என்றாள். அந்தோனி என்று சொல்ல மூன்று வருடமாக ஒருவருக்கும் வரவில்லை.

வாசித்தேன். தாளில் இருந்தவை: விலாங்கு, தண்ணீர், வினாகிரி, வெங்காயம், மிளகு, பிரிஞ்சி இலை, சாதிக்காய் சிறிது, உப்பு. சீனி இல்லை. இங்கருக்கு அதுதான் அதிசயம். டேனிஷ்காரருக்கு ஹெரிங் இனிக்க வேண்டும். எங்கள் வினாகிரித் தொட்டிகளில் சீனி மூட்டை மூட்டையாகப் போகும்.

"சீனி இல்லாமல் எப்படித் தின்கிறார்கள்?"

"மிளகாய் வினாகிரி ஊற்றித் தின்பார்களாம். இதில் எழுதியிருக்கிறது."

"பாவங்கள்" என்றாள்.

விலாங்குகள் பின்முற்றத்துத் தொட்டியில் உயிரோடு. வெட்டிய பிறகும் துடிக்கின்றன. பார்க்காமல் வெட்டப் பழக வேண்டும்.

மூத்த மகள் ஜெசிந்தாவுக்குப் பதினெட்டு ஆக இன்னும் முப்பத்தொன்பது நாள். கொப்பன்ஹேகன் குடிவரவுக் கந்தோரிலிருந்து இன்றும் கடிதம் இல்லை.

ஜனவரி 11, புதன்

குளிர் குறைவு. வானம் சாம்பல்.

நேற்று அவித்த விலாங்கு உறையவில்லை. காலையில் தட்டுகளை இழுத்துப் பார்த்தால் எல்லாம் தண்ணீராகத் தளும்புகிறது. இங்கர் ஒரு கரண்டியை விட்டுத் தூக்கினாள். "இது சூப்" என்றாள். எனக்குத்தான் முகம் சுட்டது.

தாளைத் திரும்ப வாசித்தேன். தன் சாற்றிலேயே ஆறவிடவும் என்று இருக்கிறது. எந்தச் சாறு? நாங்கள் தலையையும் தோலையும் செட்டையையும் கழித்து வாளியில் போட்டிருந்தோம். பசை அதில்தானே இருக்கும். வாளியைத் திரும்பக் கொண்டுவந்து, கழுவி, துணியில் கட்டி இரண்டு மணித்தியாலம் தனியாக அவித்தேன். வடித்து, அந்தத் தண்ணீரில் துண்டுகளைப் போட்டேன். மூன்று மணிக்கு ஒரு கிண்ணம் குளிர் அறையில். நாலு மணிக்குத் தொட்டுப் பார்த்தால் நடுங்குகிறது, ஆனால் நிற்கிறது.

இங்கர் கிண்ணத்தைத் தலைகீழாகப் பிடித்தாள். விழவில்லை. சிரித்தாள். பல் ஒன்று தங்கம். இன்றுதான் கண்டேன்.

வாங்க வேண்டியது: கைக்குப் பூசக் களிம்பு, பற்றறி, விமானக் கடிதத் தாள்.

ஜனவரி 17, செவ்வாய்

இங்கர் தானாகவே கேட்டாள். மதியம் பாண் சாப்பிடும்போது. "உன் மனைவியின் விசயம் என்ன ஆனது?"

சொன்னேன். 87 ஓகஸ்டில் குடும்பத்தைக் கூப்பிட விண்ணப்பம். மனைவி ரீற்றா, மூத்தவள் ஜெசிந்தா, சின்னவள் மெலனி. அப்போது ஜெசிந்தாவுக்குப் பதினாறரை. பதினெட்டு முடிந்தால் பிள்ளை என்ற கணக்கில் சேர்க்க மாட்டார்கள்.

"எப்போது பதினெட்டு?"

"அடுத்த மாதம் பதினேழு."

பாணை வைத்துவிட்டு எழும்பினாள். மனேஜரின் அறைக்குள் போய்க் கொப்பன்ஹேகன் கந்தோருக்கு ரெலிபோன் எடுத்தாள். நான் வாசலில். கையில் விலாங்குச் சளி, உள்ளே போகக் கூச்சம். அவள் கதைப்பது கேட்டது. முதலில் மரியாதையாக. பிறகு கொஞ்சம் உரக்க. பிறகு ஒரே சொல்லை மூன்று தடவை. "எப்போது? எப்போது? எப்போது?"

வெளியே வந்தாள். "உந்தர் பெஹன்லிங் என்கிறார்கள்."

அந்தச் சொல் எனக்குத் தெரியும். விண்ணப்பக் கோவை கவனிக்கப்படுகிறது என்று அர்த்தம். டேனிஷில் நான் முதலில் பாடமாக்கியது வணக்கம், நன்றி, மூன்றாவது அது.

"பதினேழாம் தேதியைச் சொன்னேன், அன்டன். எழுதிக்கொள்கிறேன் என்றாள் அங்கே இருந்த பெண். எழுதினாளோ தெரியாது. பேனா சத்தம் கேட்கவில்லை."

ஜனவரி 22, ஞாயிறு

பூசை. ஆலயத்தில் ஆறு தமிழ்க் குடும்பம், என்னைப் போல் தனி ஆட்கள் ஒன்பது. குடும்பங்கள் முன் வாங்கில். நாங்கள் பின்னால் இருப்பது யாரும் சொல்லி அல்ல.

நேற்று வந்த ரீற்றாவின் கடிதத்தை இன்று மூன்றாம் தரம் வாசித்தேன். மன்னார் முத்திரை டிசம்பர் 28, கொழும்பு ஜனவரி 6. பதினெட்டு வருடம் முத்திரை குத்தியவனுக்குக் கடிதத்தை விட உறைதான் முதலில் கண்ணில் படுகிறது. கொழும்பில் யாரோ ஈர மையில் குத்தியிருக்கிறான். கவனம் இல்லாத பயல்.

ரீற்றா எழுதியது: "மெலனிக்கு முன்பல் இரண்டும் விழுந்திட்டுது. அப்பாவைக் கண்டால் சிரிக்க மாட்டனாம். ஜெசி பள்ளிக்கூடம் போறதை நிப்பாட்டிப்போட்டன். சந்தியில ஆமி நிக்கிறாங்கள். போன கிழமை பக்கத்து வளவுப் பிள்ளையை விசாரணை எண்டு ரெண்டு நாள் வைச்சிருந்து விட்டவங்கள். அந்தப் பிள்ளை இப்ப ஒருத்தரோடயும் கதைக்கிறதில்லை. நீங்கள் அங்க ஆரையும் பிடிச்சுக் கெதியாப் பாருங்கோ. எனக்குப் பிந்தினாலும் பரவாயில்லை. இவளை முதல்ல எடுங்கோ."

ஆரைப் பிடிப்பது.

85 இல் என்னைத் தபால் கந்தோரில் வைத்து ஆமிக்காரர் இரண்டு தரம் கொண்டுபோனார்கள். மூன்றாம் தரம் திரும்ப மாட்டீங்கள் என்று ரீற்றாதான் அனுப்பினாள். ஒரு வருடத்தில் எங்களைக் கூப்பிடுங்கோ என்றாள். ஓம் என்றேன். அப்போது மெலனிக்கு இரண்டு வயது, என் கழுத்தை விடமாட்டாள்.

ஜனவரி 31, செவ்வாய்

வெயில். ஆனால் தண்ணீர்க் குழாய் உறைந்து காலையில் ஒரு மணித்தியாலம் வேலை இல்லை.

இங்கிலாந்துக்காரர் வந்தார். இங்கிலாந்தின் ஹாரிச் துறைமுகத்துக் கப்பலில் வந்து நேரே தொழிற்சாலைக்கு. கட்டையான ஆள், மூக்குச் சிவப்பு, கையில் தன் சொந்த மிளகாய் வினாகிரிப் போத்தல். மொழிபெயர்க்க நான். வெள்ளைத் தொப்பியைப் புதிதாகத் தந்தார்கள்.

முதலில் ரோல்மொப்ஸ். ஹெரிங் துண்டில் வெங்காயத்தைச் சுற்றிக் குச்சி குத்தி வினாகிரியில் போட்டது. ஒன்று தின்றார், "இனிப்பு" என்று முகத்தைச் சுளித்தார். இங்கருக்கு மொழிபெயர்க்கத் தேவைப்படவில்லை.

பிறகு விலாங்கு. கிண்ணத்தைச் சாய்த்தார். தட்டினார். ஜெலி நடுங்குவதைச் சிறுபிள்ளை மாதிரிப் பார்த்துக்கொண்டு நின்றார். வினாகிரி ஊற்றி, ஒரு துண்டை வாயில் போட்டு, நடு முள்ளைப் பல்லால் இழுத்து உள்ளங்கையில் துப்பினார்.

"என் அம்மா செய்தது போல இருக்கிறது" என்றார். "அவ கிழக்கு லண்டனில் தள்ளுவண்டியில் விற்றவ. யார் அவித்தது?"

இங்கர் என்னைக் காட்டினாள்.

கையைப் பிடித்துக் குலுக்கினார். இந்தியாவில் எந்த ஊர் என்று கேட்டார். இலங்கை என்றேன். குடும்பம் எல்லாம் இங்கேயா என்றார்.

"விரைவில் வருகிறார்கள்" என்று வாய் சொல்லிவிட்டது. அவர் சந்தோசப்பட்டார். நானும் ஒரு நிமிடம் சந்தோசமாகத்தான் நின்றேன், அவர்கள் உண்மையிலேயே வருகிற மாதிரி.

ஈஸ்டருக்கு முன் முழு ஓடரும் வேண்டுமாம். பெரிய வெள்ளிக்கு அங்கே எல்லோரும் மீன்.

நானும் ஒரு துண்டு தின்று பார்த்தேன். குளிர்ந்த கொழுப்பு. மிளகு. விழுங்கினேன். நாங்கள் மீனைக் குளிரத் தின்னப் பிறந்தவர்கள் இல்லை.

பெப்ரவரி 4, சனி

தேவனோடு கடற்கரை அணை. தேவன் என் அறைத்தோழன், மட்டக்களப்பு, ஹெரிங் மண்டபத்தில் வேலை. கல்யாணம் இல்லை. உப்பில் கிடந்து விறைத்த ஹெரிங் வால்களைப் பையில் கொண்டுவந்து இரையாகக் குத்துவான். புது மீன் தூண்டிலில் இருந்து கழன்று போகுமாம், உப்பு மீன் கழலாதாம். கொட் மீன் ஒன்று பிடித்தான். குழம்பு வைக்கலாம்.

தூண்டிலைப் போட்டுவிட்டுச் சொன்னான்: "அண்ணன், ஒண்டு சொல்றன், கோபிக்கப் படாது. எங்கட ஆக்கள்ர பைல் எல்லாத்தையும் வேணுமெண்டு கீழ போட்டு வைச்சிருக்காங்களாம். கொப்பன்ஹேகன் பக்கம் டோஸ்ட்ருப்பில இருந்து என்ர மச்சான் கோல் எடுத்தவன். ஒராளுக்கும் பதில் இல்லையாம்."

"சும்மா கதை. சட்டம் இருக்கிற நாடு."

"நானும் அப்பிடித்தான் சொன்னன். மறுகா யோசிச்சுப் பாத்தன். ஒராளுக்கும் எண்டா எப்பிடி அண்ணன்?"

தபால் கந்தோரில் இருந்தவனுக்குத் தெரியும். கடிதம் ஒன்று பிந்தினால் அது தவறு. மூட்டை முழுதும் பிந்தினால் யாரோ அதன் மேல் இருக்கிறான்.

பெப்ரவரி 8, விபூதிப் புதன்

விடியப் பூசைக்குப் போய் நெற்றியில் சாம்பலோடு வேலைக்கு. துடைக்கச் சொல்வார்கள் என்று பயந்தேன். ஒருவரும் சொல்லவில்லை, தொப்பி மறைத்துவிட்டது.

இங்கர் பத்திரிகையைக் கொண்டுவந்தாள். நடுப்பக்கம். தமிழர்களின் குடும்ப விண்ணப்பங்கள் வேண்டுமென்றே நிறுத்தி வைக்கப்பட்டனவா என்று கேட்டு எழுதியிருக்கிறார்கள். தேவன் சொன்னதேதான். மெதுவாக வாசித்துக் காட்டினாள், எனக்கு விளங்காத சொல்லுக்கு விரலை வைத்து நின்று நின்று.

முடித்ததும் பத்திரிகையை மடித்தாள். திரும்ப மடித்தாள். சின்னதாக்கிக்கொண்டே போனாள்.

"அன்டன், இதைச் செய்த அரசாங்கத்துக்குத்தான் நான் வாக்குப் போட்டேன்."

"தெரியாதுதானே."

"தெரியாது. வெளிநாட்டார் கொஞ்சம் குறைந்தால் நல்லது என்று நினைத்துப் போட்டேன். அதைத் தெரிந்துதான் போட்டேன்."

அடுப்பில் தலையும் தோலும் பொங்கி வழிந்தது. இரண்டு பேரும் ஓடினோம். நல்லவேளை.

பெப்ரவரி 17, வெள்ளி

வானம் மப்பு. காற்று இல்லை. துறைமுகத்தில் கப்பல் ஊதுவது அறைக்குள் கேட்டது.

காலையில் தபால்காரனுக்காகப் பத்து நிமிடம் கீழே நின்றேன். அவனுக்கும் என்னைத் தெரியும். தூரத்திலேயே தலையை ஆட்டிவிட்டான். இல்லை.

இன்று ஜெசிந்தாவுக்குப் பதினெட்டு.

யாருக்கும் சொல்லாமல் வேலை செய்தேன். விலாங்கு வெட்டு, கழுவு, அவி, வடி, கிண்ணம், மூடி. கிண்ணம், மூடி. கை வெடித்து வினாகிரி எரிந்தது. அது நல்லதாக இருந்தது.

மதியம் சாப்பாட்டு மேசையில் என் இடத்தில் ஒரு சின்னக் கொடி. மரத்தண்டில் நிற்கிற டேனிஷ் கொடி. இங்கே பிறந்தநாள் என்றால் மேசையில் கொடி வைப்பார்கள். மற்றப் பெண்கள், "அன்டன், உனக்கு இன்றா?" என்று கேட்டுவிட்டுப் பாடத் தொடங்கினார்கள். இங்கர், "அவனுக்கு இல்லை, அவன் மகளுக்கு" என்றாள். பாட்டு நின்றது. விசயம் தெரிந்தவர்கள் பாணைப் பார்த்தார்கள்.

கோபம் வந்தது. எந்தக் கொடியை எனக்கு முன் வைக்கிறாள்? பிறகு அவள் முகத்தைப் பார்த்தேன். வைக்கலாமா கூடாதா என்று காலையிலிருந்து யோசித்துத்தான் வைத்திருக்கிறாள். கழிப்பறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். திரும்பி வந்து பாணைத் தின்றேன்.

பெப்ரவரி 20, திங்கள்

ஒன்றுமில்லை. ஜெலி நன்றாக உறைந்தது. சப்பாத்து ஒழுகுகிறது.

மார்ச் 7, செவ்வாய்

கடிதம் வந்தது.

வேலை முடிந்து வீட்டுக்கு வர, கதவடியில் கிடந்தது. தேவன் இருக்கவில்லை. உடைக்கவில்லை. உறையோடு சைக்கிளைத் திருப்பி இங்கர் வீட்டுக்குப் போனேன். அவள் ஏப்ரனோடு கதவைத் திறந்து, உறையைக் கண்டு உள்ளே விட்டாள்.

இரண்டு தாள். முதல் தாள்: ரீற்றாவுக்கு அனுமதி. மெலனிக்கு அனுமதி. இங்கர் என் தோளைப் பிடித்துக் குலுக்கினாள்.

இரண்டாம் தாளை வாசிக்கத் தொடங்கி நிறுத்திவிட்டாள்.

"சொல்" என்றேன்.

"முடிவு எடுத்த அன்று உன் மூத்த மகளுக்குப் பதினெட்டு வயது நிரம்பியிருந்தது. ஆகையால்..." அதற்கு மேல் வாசிக்கவில்லை.

தாளை வாங்கினேன். முடிவு எடுத்த தேதி மார்ச் 2. பதின்மூன்று நாள். ஒன்றரை வருடம் வைத்திருந்துவிட்டுப் பதின்மூன்று நாள்.

பின்னால் என் விண்ணப்பத்தின் பிரதி. மூலையில் வந்து சேர்ந்த முத்திரை. ஓகஸ்ட் 1987. தெளிவான முத்திரை, ஒரு எழுத்துக்கூட அழியவில்லை. இவ்வளவு சுத்தமாகக் குத்தியவன் ஏன் அதைப் பார்க்கவில்லை?

"மேல்முறையீடு எழுதுவோம்" என்றாள் இங்கர். "இப்போதே." ஏப்ரனைக் கழற்றாமல் எழுத உட்கார்ந்தாள்.

மார்ச் 8, புதன்

ரீற்றாவுக்கு எழுத வேண்டும். மூன்று தாள் கிழித்தேன்.

ஒன்று: நீரும் மெலனியும் வாரும், ஜெசியைப் பிறகு எடுப்பம்.

இரண்டு: ஒருத்தரும் வரவேண்டாம், மேல்முறையீடு முடியும்வரை பொறுப்பம்.

மூன்று: நீரே முடிவெடும்.

மூன்றாவதுதான் கோழையின் கடிதம். அதைத்தான் மற்ற இரண்டையும் விட வேகமாக எழுதினேன்.

தேவன் பார்த்துவிட்டுச் சொன்னான்: "எழுதாதீங்க அண்ணன். கதைங்க. எழுத்தில இத எப்பிடிச் சொல்ற?"

தந்தி அடித்தேன். ஞாயிறு வவுனியாவுக்கு வரச் சொல்லி, ரெலிபோன் உள்ள கடைப் பெயர் எழுதி.

மார்ச் 12, ஞாயிறு

கதைத்தேன். அப்படியே எழுதி வைக்கிறேன். பிறகு எனக்கு ஏற்ற மாதிரி மாற்றி நினைத்துவிடுவேன்.

நாலாவது முயற்சியில் லைன் கிடைத்தது. கடல் இரைவது போல இரைச்சல்.

"ரீற்றா, கேக்குதோ?"

"கேக்குது. சொல்லுங்கோ."

சொன்னேன். முதல் தாளையும் இரண்டாம் தாளையும்.

"அப்ப ஜெசிக்கு இல்லை."

"இப்போதைக்கு இல்லை. மேல எழுதியிருக்கிறம்."

"அப்ப நானும் வரேல்லை. பதினெட்டு வயசுப் பிள்ளையை ஆமிக்கு முன்னால விட்டுட்டு நான் அங்க வந்து என்னத்தைச் செய்யிறது?"

அதற்குள் ரெலிபோனை ஜெசி வாங்கிவிட்டாள். நான் விட்டுவிட்டு வந்தபோது இருந்த குரல் இல்லை. யாரோ பெரிய பெண்.

"அப்பா, அம்மா சொல்லுறதைக் கேக்காதேங்கோ. நான் கொழும்பில சிஸ்டர்மாரின்ர விடுதியில நிப்பன். கதைச்சிட்டன், ஓம் எண்டவை. மெலனிக்கு இங்க பள்ளிக்கூடமும் இல்லை, ஒண்டும் இல்லை. ராவில கத்திக் கத்தி எழும்புறாள். அம்மாவை வரச்சொல்லுங்கோ. நீங்கள் சொன்னாத்தான் வருவா."

"குஞ்சு..."

"அப்பா, சொல்லுங்கோ. லைன் போகப்போகுது."

திரும்ப ரீற்றா.

நான் சொன்னேன். "வாரும்."

இரைச்சல். லைன் போய்விட்டதென்று நினைத்தேன்.

"நீங்கள்தான் சொல்லுறீங்கள் என்ன?" என்றாள்.

"ஓம். நான்தான்."

"சரி."

மெலனி கதைக்க வருவதற்குள் அறுந்துவிட்டது.

மார்ச் 16, வியாழன்

ஈஸ்டர் ஓடரின் கடைசிப் பெட்டிகள் ஹாரிச் கப்பலுக்கு ஏறிவிட்டன. பலகைத் தட்டில் அடுக்கி, பிளாஸ்ரிக் சுற்றி. மேலே "குளிரில் வைக்கவும்" என்று ஆங்கிலத்தில் ஒட்டியது நான்தான். இங்கர் எல்லோருக்கும் கேக் கொண்டுவந்தாள். மனேஜர் வந்து நல்ல வேலை என்றார்.

வரும் வழியில் நினைத்தேன். விலாங்குக்குக் கடவுச்சீட்டு வேண்டாம். நினைத்துவிட்டு வெட்கமாக இருந்தது. இப்படியெல்லாம் நினைத்து என்ன ஆகப்போகிறது.

மார்ச் 24, பெரிய வெள்ளி

சிலுவைப் பாதை. முழங்காலில் நிற்கும்போது மனதில் ஒரு செபமும் வரவில்லை. வாரும் என்ற சொல்தான் திரும்பத் திரும்ப.

தேவன் இந்து. இருந்தும் எனக்காக இன்று மரக்கறி சமைத்திருந்தான். லீக்ஸ், பருப்பு. உப்புக் கூடிவிட்டது, அவனுக்குச் சொல்லவில்லை.

ஏப்ரல் 11, செவ்வாய்

ரீற்றாவின் கடிதம். அரைப்பக்கம். ஜெசியைக் கொழும்பில் விட்டாயிற்று. கட்டில், அலுமாரி, யன்னல் பக்கம். இருபத்தொன்பதாம் தேதி சனி வருகிறோம். "குளிர்ச் சட்டை ரெண்டு கொண்டு வாங்கோ." முடிவில் வழக்கமாக எழுதும் அன்பு மனைவி இல்லை. பெயர் மட்டும்.

மேல்முறையீட்டுக்குப் பதில் இல்லை. இங்கர் இரண்டு தரம் ரெலிபோன் எடுத்தாள்.

செய்ய வேண்டியது:
வேறு வீடு (நகரசபை ஆளுக்குச் சொல்லியாயிற்று, பூட்டுத் திறப்பு 24ஆம் தேதி கிடைக்கும்)
கட்டில், மெத்தை
சின்னச் சப்பாத்து. அளவு தெரியாது
தேவனுக்கு அறையை எழுதிக்கொடுக்க

ஏப்ரல் 29, சனி

கொப்பன்ஹேகன், கஸ்ரப் விமான நிலையம். இங்கரின் காரில் போனோம், படகிலும் ஏற்றி, ஐந்து மணித்தியாலம். அவள் வெளியே காரிலேயே நின்றுகொண்டாள்.

கண்ணாடிக் கதவு திறந்து திறந்து மூடியது. வேறு ஆட்கள். வேறு ஆட்கள். பிறகு ரீற்றா. மெலிந்து, தலைமயிர் முன்பக்கம் நரைத்து. அவள் கையைப் பிடித்துக்கொண்டு நெடுவல் பிள்ளை ஒன்று. மெலனி. முன்பல் முளைத்துவிட்டது.

நான் குளிர்ச் சட்டையை நீட்டினேன். மெலனி தாயின் பின்னால் போனாள்.

"அப்பாவடி" என்றாள் ரீற்றா.

"படத்தில மீசை இருந்தது" என்றாள் மெலனி.

ரீற்றா அழுவாள் என்று நினைத்திருந்தேன். அழவில்லை. என் முகத்தை நன்றாகப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "ஒருத்தியை விட்டுட்டு வந்திட்டன். கேற்றடியில நிண்டவள். கையைக் காட்டினவள், அழேல்லை. இனி என்னட்ட அதைப் பற்றி ஒண்டும் கேக்காதேங்கோ."

காரில் மெலனி நித்திரை. ரீற்றா யன்னல் பக்கம். படகில் ஏறியபோது மட்டும், "இது கடலோ?" என்றாள். ஓம் என்றேன்.

மே 7, ஞாயிறு

வெயில். எட்டாவது நாள். ரீற்றா சமைக்கிறாள், கூட்டுகிறாள், கேட்டதற்குப் பதில் சொல்கிறாள். வேலைக்குப் போக வேண்டும் என்கிறாள், மீன் வெட்டத் தெரியும்தானே என்கிறாள். சிரிப்பு இல்லை. மெலனி என்னை இன்னும் நீங்கள் என்றும் கூப்பிடவில்லை, அப்பா என்றும் கூப்பிடவில்லை. ஏதாவது வேண்டுமென்றால் வந்து பக்கத்தில் நிற்பாள்.

மூன்று மணிக்கு இங்கர் வந்தாள். முதல் தரம் எங்கள் வீட்டுக்கு. தலைக்குச் சாயம் பூசி, நல்ல சட்டை. கையில் ஒரு போத்தல், தானே செய்தது: ஹெரிங், மஞ்சள் குழம்பில். டேனிஷ்காரர் கறித்தூள் போட்டுச் செய்வது. "உங்கள் ஊர்ச் சாப்பாடு மாதிரி" என்றாள். நான் ரீற்றாவைப் பார்த்தேன், ரீற்றா போத்தலைப் பார்த்தாள்.

கறுத்தப் பாணில் வைத்துத் தந்தாள். குளிர். இனிப்பு. கறித்தூளின் மணம் மட்டும் எங்கோ தூரத்தில். மெலனி ஒரு துண்டை வாயில் போட்டு, கண்ணை இறுக்கி மூடி, விழுங்கிவிட்டு இன்னொன்று கேட்டாள். இங்கருக்குப் பெருமை. மெலனியின் தலையைத் தடவினாள். மெலனி விலகவில்லை.

ரீற்றா நாகரிகத்துக்கு ஒரு துண்டைத் தின்று முடித்தாள். தேத்தண்ணீர் ஊற்றினாள். பிறகு என்னிடம், "இவவுக்குப் பிள்ளையள் இருக்கோ எண்டு கேளுங்கோ" என்றாள்.

மூன்று வருடம் பக்கத்தில் நின்று வேலை செய்கிறேன். கேட்டதில்லை. கேட்டேன்.

"ஒரு மகள். ஓல்போர்க்கில் இருக்கிறாள். பதினெட்டு முடிந்த கிழமையே போய்விட்டாள். இங்கே எல்லாப் பிள்ளைகளும் அப்படித்தான். பதினெட்டென்றால் பெரிய ஆள், தனிய இருக்கத்தான் விருப்பம்." சொல்லிக்கொண்டு வந்தவள் பாதியில் என்னைப் பார்த்தாள். தான் என்ன சொல்கிறாள் என்று அவளுக்கு அப்போதுதான் கேட்டிருக்க வேண்டும். கோப்பையைக் கீழே வைத்தாள்.

"என்னவாம்?"

சொன்னேன். ரீற்றாவுக்கு, மாற்றாமல், குறைக்காமல்.

ரீற்றா யோசித்தாள். சீலைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டு, என்னை அல்ல, இங்கரை நேரே பார்த்துத் தமிழில் கேட்டாள்.

"அப்பிடிப் போன பிள்ளை திரும்பி வந்து கதவைத் தட்டினா, திறப்பினமோ?"

இங்கர் என் பக்கம் திரும்பினாள். டேனிஷில் சொன்னேன். அவளுக்குக் கண் நிரம்பிவிட்டது.

"தட்டத் தேவையில்லையே, அன்டன். என் வீட்டுப் பூட்டுத் திறப்பு அவளிடம் இருக்கிறது. எந்த நேரமும் திறந்துகொண்டு வருவாள்."

ரீற்றா என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மெலனியும்.

"என்னவாம்?"

"ஓமாம்" என்றேன்.